பாச்சை உருண்டையும் தென்னங்கன்றும்

துணிப் பெட்டியில் போடும் வெள்ளை உருண்டையைத் தென்னங்கன்றின் மட்டை இடுக்கில் வைத்தால் காண்டாமிருக வண்டு அண்டாது என்பது உழவர்கள் பலரும் அறிந்ததே. ஆனால், "வைத்த உருண்டை சில நாளிலேயே கரைந்துவிட்டது, குருத்தை வண்டு வெட்டிவிட்டது" என்று குறைப்படுவோரும் உண்டு. வாங்கிய உருண்டை எதுவென்று முதலில் பார்க்க வேண்டும்.

நாப்தலின் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. 80 டிகிரி செல்சியஸில் உருகும். எனினும் சாதாரண வெப்பத்திலேயே, உருகாமல் நேராக ஆவியாகிச் சிறுத்துக்கொண்டே வரும். அந்த நெடிதான் வண்டை விரட்டுகிறது, கொல்வதில்லை.

பாரா டைகுளோரோ பென்சீன் என்ற பொருளிலும் இதே போன்ற உருண்டைகள் செய்யப்படுகின்றன. இது 53 டிகிரியிலேயே உருகிவிடும். நாப்தலினைவிட வேகமாக ஆவியாகும். நெடியை வைத்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளர் நீரில் கல் உப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள். இனிக் கரையாமல் அடியில் தங்கும் நிலை வந்ததும், தெளிந்த நீரை வடித்து அதில் உருண்டையைப் போடுங்கள். மிதந்தால் நாப்தலின், மூழ்கினால் மற்றது. வெறும் நீரில் இரண்டுமே மூழ்கும் என்பதால் உப்பில் சிக்கனம் கூடாது.

கன்றுக்கு 3.5 கிராம் எடையுள்ள 3 உருண்டைகள் தேவை. குருத்தை அடுத்த மூன்று உள்மட்டைகளின் இடுக்கில் ஒவ்வொன்றாக வைத்து, மணலால் மூடவும். 45 நாட்களுக்கு ஒருமுறை புதிதாக வைக்க வேண்டும். எருக்குழியில் வளரும் புழுக்களைப் பொறுக்கி அழிக்காமல் உருண்டையை மட்டும் நம்புவது வீண்.

உணவுத் தானியக் குதிரில் இதைப் போடும் வழக்கம் தவறு. குழந்தைகள் மிட்டாய் என்று விழுங்கினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தொழிற்சாலைகளில் சாயம், பிளாஸ்டிக்கை இளக்கும் பொருள், கான்கிரீட் கலவை மருந்து ஆகியவற்றுக்கு நாப்தலின் மூலப்பொருளாகிறது. நாம் முன்பு தெளித்த கார்பரில் இதன் வழி வந்ததே. 1984இல் விபத்து நடந்த போபால் ஆலையில் தயாரானது அதுதான். 2018இல் இந்தியாவில் அது தடை செய்யப்பட்டது.

மிளகாயில் பூ உதிர்வதைத் தடுக்கும் நாப்தலின் அசிட்டிக் அமிலமும் இக்குடும்பமே. நட்ட 60, 90ஆம் நாட்களில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் போதும். 4.5 சத மருந்தானால் 10 லிட்டர் டேங்குக்கு 2.2 மில்லி. மூடியால் உத்தேசமாக ஊற்றாமல் ஊசிக்குழலால் அளந்து கலக்கவும்.