நட்பை நியமிக்காதே

அன்புள்ள கயல்விழிக்கு,

உதட்டுப் பிளவும் அண்ணப்பிளவும் தைத்த தழும்போடு ஒரு பையன் ஜூன் மாதம் நீ பாடம் எடுக்கும் ஐந்தாம் வகுப்பில் சேரப்போகிறான் என்று எழுதியிருந்தாய். நல்ல பிள்ளைகளாக மூன்று பேரைப் பொறுக்கி, அவனைக் கவனித்துக்கொள்ளச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு முன் ஆர். ஜே. பலாசியோ எழுதிய 'வொண்டர்' என்ற சிறுவர் நாவலைப் படித்துவிடு. 2012-இல் வந்தது, 2017-இல் படமாகவும் எடுத்தார்கள். நீ நினைத்திருக்கும் அதே ஏற்பாட்டைத்தான் அந்தக் கதையின் தலைமையாசிரியரும் செய்கிறார்.

ஆகஸ்ட் புல்மன் நியூயார்க்கில் வளரும் பத்து வயதுப் பையன். முகம் சரியாக உருவாகாமலே பிறந்தவன். 27 அறுவை சிகிச்சைகள் ஆகிவிட்டன. அதுவரை அம்மாவிடம் வீட்டிலேயே படித்தவன், ஐந்தாம் வகுப்பில்தான் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகிறான். தலைமையாசிரியர் டஷ்மன் நல்ல மனிதர். ஜூலியன், சார்லட், ஜாக் என்ற மூன்று பிள்ளைகளை முன்கூட்டியே வரவழைத்து, அவனுக்குப் பள்ளியைச் சுற்றிக்காட்டச் சொல்கிறார். பெரியவர்கள் முன்னால் பணிவாகப் பேசும் ஜூலியன்தான் பிறகு அவனை அதிகம் துன்புறுத்துகிறான். சார்லட் மரியாதை தவறுவதில்லை. ஆனால் கிட்டே வருவதும் இல்லை. ஜாக் நண்பனாகிறான். ஆனால் ஹாலோவீன் மாறுவேடப் பண்டிகையன்று, பக்கத்தில் முகமூடியோடு இருப்பது ஆகஸ்ட் என்று தெரியாமல், அவனைப் பற்றிக் கொடூரமாகப் பேசிவிடுகிறான். தன் தவறு உறைத்து, வகுப்புப் பையன்கள் தன்னை ஒதுக்கியபோதும் ஜாக் அவன் பக்கம் நின்றானே, அப்போதுதான் அந்த நட்பு வேர்விட்டது. அதை எந்த ஆசிரியரும் ஏற்பாடு செய்யவில்லை.

சம்மர் என்றொரு சிறுமி வருகிறாள். முதல் நாள் மதியச் சாப்பாட்டில் ஆகஸ்ட் தனியாக இருப்பதைப் பார்த்து, தானாக வந்து அவனோடு உட்காருகிறாள். யார் சொல்லி வந்தாய் என்று மற்றவர்கள் துளைக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை. முதல் நாள் வந்தது பாவம் பார்த்துத்தான். தொடர்ந்து வந்ததற்குக் காரணம், அவனோடு இருப்பது அவளுக்குக் குஷியாக இருந்ததுதான். இந்த இடத்தில் நின்று யோசி, கயல். இரக்கம் ஒருவரை ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைக்கும். மறுநாளும் வரவைப்பது சிரிப்பும் விளையாட்டும்தான்.

எனவே நண்பர்களைப் பொறுக்கும் வேலை உனக்கு வேண்டாம். சேர்ந்து சிரிக்கவும் சேர்ந்து வேலை செய்யவும் வாய்ப்பை உண்டாக்கிக்கொடு. குழுக்களை மாற்றி மாற்றிப் போடு. சாப்பாட்டு நேரத்தில் நீயும் பிள்ளைகளோடு உட்கார். புதிதாக வரும் பையனுக்கு எதில் ஆசை என்று அவன் அம்மாவிடம் முன்பே கேட்டுவை. அண்ணப்பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் காது மந்தமாவது உண்டு. பேச்சு மூக்கில் ஒலிப்பதும் உண்டு. முன் வரிசையில் இடம் கொடு. அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திரு. இடையில் புகுந்து நீ சொல்லி முடிக்காதே. நீ பொறுப்பதைப் பார்த்துத்தான் மற்ற பிள்ளைகளும் பொறுக்கப் பழகுவார்கள்.

ஆகஸ்டைத் தொட்டுவிட்டால் உடனே கை கழுவ வேண்டும் என்று அந்தப் பள்ளியில் பிள்ளைகள் ரகசியமாக ஒரு விளையாட்டு நடத்துகிறார்கள். கேலிப் பேச்சு ஆசிரியர் காதில் விழுந்துவிடும்; ஒதுக்கிவைப்பது விழாது. நோட்டை வாங்கும் கையையும் வரிசையில் விடும் இடைவெளியையும் பார். தொட்டால் தீட்டு என்று மனிதரை மனிதர் ஒதுக்கிய வரலாறு நம்முடையது. அது வேறு உருவில் உன் வகுப்புக்குள் நுழைய விடாதே.

பெற்றோரிடமும் உறுதி வேண்டும். ஜூலியனின் அம்மா வகுப்புப் புகைப்படத்திலிருந்து ஆகஸ்டையே அழித்துவிடுகிறாள். உன்னிடமும் யாராவது வந்து, 'என் பிள்ளை பயப்படுகிறாள், இடத்தை மாற்றுங்கள் டீச்சர்' என்று கேட்கலாம். கர்ப்பத்தில் கிரகணத்தன்று அம்மா வெளியே வந்ததால்தான் பிள்ளைக்கு இப்படி என்று ஆசிரியர் அறையிலேயே பேச்சு எழலாம். உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று இந்தப் பிளவோடு பிறக்கிறது; கிரகணத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை; அந்தத் தாய்மேல் குற்றமில்லை. குரலை உயர்த்தாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் இதைச் சொல்.

நாவலின் முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆகஸ்டுக்குப் பதக்கம் கொடுக்கிறார்கள். அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. முக வேறுபாட்டோடு வாழ்கிறவர்களிலேயே சிலர் இதை விமர்சித்திருக்கிறார்கள். பள்ளிக்கு வந்துபோனதற்காக ஒரு பிள்ளையைக் கொண்டாடினால், நீ வேறு என்றுதான் அவனிடம் மறுபடியும் சொல்கிறோம். உன் வகுப்புக்கு வரும் பையன் கணக்கில் தப்புவிட்டால் திருத்து. சேட்டை செய்தால் கண்டி. நன்றாக ஓடினால், ஓடியதற்காகப் பாராட்டு.

அந்தப் பையனின் அக்கா உன் பள்ளியிலேயே எட்டாம் வகுப்பில் படிக்கிறாள் என்றாயே. நாவலில் ஆகஸ்டின் அக்கா வியா, வீட்டின் கவனமெல்லாம் தம்பிமேல் இருப்பதால் தன் கவலைகளை வெளியே சொல்லாமலே வளர்கிறாள். அந்தப் பெண்ணைப் பார்த்தால் தம்பியைப் பற்றி மட்டும் விசாரிக்காதே. அவள் எப்படி இருக்கிறாள் என்றும் கேள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கதையைப் பள்ளி திறந்ததுமே வகுப்பில் சொல்லிவிடாதே. எல்லாக் கண்களும் அவன் பக்கம் திரும்பும். இப்போதைக்கு இது உனக்கான புத்தகம். ஐந்தாம் வகுப்புப் பையன் எவனுக்கும் கிடைக்கும் சண்டை, சமாதானம், வீட்டுப்பாடம், கூட்டாளி எல்லாம் அவனுக்கும் கிடைக்கட்டும். அதற்கு வழிசெய்ய உன்னால் முடியும். அந்த நம்பிக்கை எனக்கு முழுதாக இருக்கிறது.

அன்புடன்,
சித்தி