எந்த ஐகான்வ்.எச் திறந்தது?

கொற்கை என்று திஸ்கி குறியாக்கத்தில் சேமித்தால், கோப்புக்குள் முதலில் நிற்பது ககரம் அல்ல, ஒற்றைக்கொம்பு. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தை அடுக்குவது திஸ்கியின் முறை. யூனிகோடு ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. ஆகவே திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் நிரல் கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும். லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் இருக்கும் ஐகான்வ் இதை ஒழுங்காகச் செய்கிறது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் உட்பட, தமிழ் இணையத்தில் காலூன்றிய ஆண்டுகளின் எழுத்தில் கணிசமான பகுதி திஸ்கியில் இருந்தது. பாளையங்கோட்டையிலும் நெல்லை டவுனிலும் சிற்றிதழ் நடத்தியவர்கள், ஊர் வரலாறு எழுதிய ஆசிரியர்கள் ஆகியோரின் பழைய வட்டுகளில் இன்னும் அப்படிக் கிடப்பவை உண்டு. அவற்றை மீட்க நாங்கள் சிலர் ஒரு சி நிரல் வைத்திருக்கிறோம். என்னிடம் லினக்ஸ், நூல் வடிவமைக்கும் தம்பியிடம் மேக், கோப்புகள் தங்கும் சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி. மூன்றும் யூனிக்ஸ் குடும்பம்தான். ஆனால் ஹெடர் கோப்புகளின் பெயர் விஷயத்தில் மூன்றுக்கும் தனித்தனி வழக்கம்.

“அண்ணாச்சி, எங்கிட்ட கம்பைல் ஆவுது, அங்க ஏன் ஆவல?” இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதிகம் கற்றுத்தந்தது ஐகான்வ் விவகாரம்.

ஒரு லினக்ஸ் கணினியில் திடீரென லிங்கர் மறுத்தது. லிப்ஐகான்வ்_ஓபன் என்ற ஃபங்ஷன் கிடைக்கவில்லையாம். எங்கள் நிரலில் அப்படி ஒரு பெயரே கிடையாது. நாங்கள் அழைப்பது ஐகான்வ்_ஓபன். வேறொரு மென்பொருளை நிறுவியபோது அதனுடன் குனு லிப்ஐகான்வ் வந்து, தன் ஹெடரை யுஎஸ்ஆர்-லோக்கல்-இன்க்ளூட் அடைவில் வைத்துவிட்டது. அந்த ஹெடருக்குள் ஐகான்வ்_ஓபன் என்பதை லிப்ஐகான்வ்_ஓபன் என்று மாற்றும் மேக்ரோ இருக்கிறது. ஜிசிசி யுஎஸ்ஆர்-இன்க்ளூடைப் பார்ப்பதற்கு முன்பே லோக்கல் அடைவைப் பார்த்துவிடும். தாமிரபரணியிலும் இப்படித்தான்: கோடைமேலழகியான் அணைக்கட்டு முதலில் தண்ணீர் எடுத்த பிறகுதான் கீழே உள்ள அணைக்கட்டுகளுக்கு. ஆற்றிலாவது மிச்சத் தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் வரை இறங்கும். ஹெடர் தேடலில் முதலில் கிடைத்ததோடு கதை முடிந்தது. கீழே அதே பெயரில் இருப்பதைக் கம்பைலர் எட்டிக்கூடப் பார்க்காது.

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம், லிங்க் வரியில் லிப்ஐகான்வைச் சேர்த்துவிடு என்பது. எரர் மறையும், நிரலும் உருவாகும். ஆனால் குனு லிப்ஐகான்வுக்குத் திஸ்கி தெரியாது. ஓட்டும்போது ஐகான்வ்_ஓபன் தவறான உள்ளீடு என்று சொல்லிக் கைவிரிக்கும். கம்பைல் நேரத்தில் நின்றுவிடும் பிழையைவிட, கோப்பை வைத்திருப்பவரிடம் போய்ச் சேர்ந்தபின் தெரியும் பிழை மோசமானது. அவர் தன் கோப்புதான் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்.

ஆகவே எரர் வந்ததும் நிரலைத் திருத்தப் போகாதீர்கள். எந்தக் கோப்பைத் திறந்தாய் என்று முதலில் கம்பைலரைக் கேளுங்கள். ஜிசிசி கட்டளையில் மைனஸ் போட்டுப் பெரிய எச் சேர்த்தால், திறந்த ஹெடர் ஒவ்வொன்றையும் முழுப் பாதையோடு, உள்ளடங்கிய ஆழத்துக்கு ஏற்பப் புள்ளி வைத்துக் காட்டும். பெரிய ஈ, சிறிய வி இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எந்த அடைவுகளில் எந்த வரிசையில் தேடுகிறது என்ற பட்டியல் வரும். மேக்கில் உள்ள கிளாங்கும் இவற்றைப் புரிந்துகொள்ளும். என் அனுபவத்தில் பெயர்ச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு பட்டியல்களிலேயே அகப்பட்டுவிடும்.

ஹெடரும் நூலகமும் ஒரே இடத்திலிருந்து வந்தவையா என்பதையும் நிரலே சரிபார்க்க வேண்டும். லிப்ஐகான்வின் ஹெடர் தன் பதிப்பு எண்ணை ஒரு மேக்ரோவாக வைத்திருக்கிறது. ஜிலிப்சியின் ஹெடரில் அது இல்லை. அந்த மேக்ரோவைப் பார்த்து, பொருந்தாவிட்டால் கம்பைலையே நிறுத்தலாம். க்னோம்காரர்களின் ஜிலிப் நூலகத்திலும் இதுபோன்ற ஒரு சோதனை இருந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் இது இன்னும் முக்கியம். 2014இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஐகான்வ் அடிப்படை அமைப்புக்குள்ளேயே வந்துவிட்டது. போர்ட்ஸ் வழியே வரும் லிப்ஐகான்வும் லோக்கல் அடைவில் இருக்கக்கூடும். நாங்கள் கான்ஃபிகர் கட்டத்திலேயே ஒரு திஸ்கிச் சொல்லை மாற்றிப் பார்க்கிறோம். பைட்டுகள் சரியாக வந்தால் ஐகான்வ், இல்லையென்றால் எங்கள் சொந்த அட்டவணை. ஹெடர் இருக்கிறது என்பது மட்டும் எங்களுக்குப் போதாது.

மேக்கின் சிக்கல் வேறு. அதன் கோப்பு அமைப்பு இயல்புநிலையில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. உங்கள் அடைவில் பெரிய எஸ்ஸில் தொடங்கும் ஸ்டிரிங்.எச் இருந்து, அந்த அடைவு தேடல் பாதையிலும் இருந்தால், சி மொழியின் ஸ்டிரிங்.எச் கேட்கும் இடத்தில் உங்களுடையது திறக்கும். ஸ்டிரலென் அறிவிக்கப்படவில்லை என்று எரர் வரும். சி++20 வந்தபின் இதற்கு ஒரு தங்கை பிறந்தது: வெர்ஷன் என்ற பெயரில், பின்னொட்டே இல்லாத ஒரு ஹெடர். திட்டத்தின் மேல் அடைவில் பதிப்பு எண் எழுதி வைக்கும் பெரிய எழுத்து வெர்ஷன் கோப்பு பலரிடமும் உண்டு. அந்த அடைவும் தேடல் பாதையில் இருந்தால், மேக்கில் கம்பைலர் அதைத் திறந்து, எண்ணை சி++ என்று எண்ணிப் படிக்கிறது.

எங்கள் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. கெர்னிகன்–ரிட்சி நூலைப் பார்த்து கெட்லைன் என்று ஃபங்ஷன் எழுதினால், இன்றைய ஜிசிசி வகை முரண்படுகிறது என்று மறுக்கும். போசிக்ஸ் 2008 அந்தப் பெயரை ஸ்டிடிஐஓ.எச் ஹெடருக்குள் எடுத்துக்கொண்டது. நூலில் பிழை இல்லை, உங்களிடமும் இல்லை. பெயருக்கு முன்னால் ஒரு முன்னொட்டு போட்டுக்கொள்ளுங்கள்.

சொந்த ஹெடர்களுக்கும் அதுதான் வழி. யூடில்.எச், டைப்ஸ்.எச், கான்ஃபிக்.எச் என்று தனியே விடாமல், திட்டத்தின் பெயரில் ஓர் அடைவு திறந்து அதற்குள் வைத்து, அடைவுப் பெயரோடு சேர்த்தே அழையுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் அழைக்கும் ஹெடர்களுக்கு மட்டும் பாதை தர ஐக்வோட் என்ற தெரிவு உண்டு. அதைப் பயன்படுத்தினால் அமைப்பு ஹெடர்களின் வரிசை குலையாது. ஆட்டோகான்ஃப் உருவாக்கும் கான்ஃபிக்.எச்சை, பிறர் பயன்படுத்த நிறுவும் ஹெடருக்குள் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அவர்களிடமும் அதே பெயரில் ஒன்று இருக்கும்.

எங்களோடு புதிதாகச் சேர்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எரர் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். ஹெடர் பட்டியல், தேடல் வரிசை, யூநேம் தரும் வரி, இவை மூன்றையும் உரைக் கோப்பாக அனுப்புங்கள். ஹெடர் பட்டியல் பிழைகள் வரும் வழியில்தான் வெளியாகும். சாதாரண வெளியீட்டை மட்டும் கோப்புக்குத் திருப்பினால் வெற்றுக் கோப்புதான் கிடைக்கும்.