பல்லைத் தொடும் முன் பேசுங்கள்

பி.டி.எஸ். நான்கு ஆண்டு முடிந்ததும் ஓராண்டுப் பயிற்சி. அதில் மூன்று மாதத்தைச் சமூகப் பல் மருத்துவத்துக்கும் கிராமப் பணிக்கும் ஒதுக்கியிருக்கிறது 2007-ஆம் ஆண்டு விதிமுறை. பலர் இதை வருகைப் பதிவுக்காகக் கழித்துவிடுகிறார்கள். மதுரையில் படிப்பவர்களுக்குப் பழனி மலை ஒன்றும் தொலைவில்லை. பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு பக்கம் முகாம் என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள். மெஷின், எக்ஸ்ரே எதுவும் கைவசம் இல்லாத இடத்தில்தான் பேச்சு பழகும்.

போனதும் கிராம சுகாதார செவிலியரிடம் பத்து நிமிடம் உட்காருங்கள். யார் காட்டு வேலைக்கு எப்போது கிளம்புவார்கள், யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

வெற்றிலை பாக்கு போடும் ஒரு பாட்டி வருகிறார். வரிசை முழுக்கக் கேட்கும்படி “புகையிலை போடுவீங்களா?” என்றால் “இல்லை” என்றுதான் பதில் வரும். நாற்காலியை அருகே இழுத்து, “காரம் சாப்பிட்டா வாய் எரியுதா பாட்டி?” என்று தொடங்குங்கள். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரலையே நிமிர்த்தி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கு மேல் நுழையவில்லையா? “கேன்சர் வந்துடும்” என்று மிரட்டினால் அடுத்த முகாமுக்கு வரமாட்டார். “உள்ள இறுகிக்கிட்டு வருது. பாக்கை விட்டா இதுக்கு மேல மோசமாகாம பார்த்துக்கலாம்” என்பது போதும். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிக்கை வெளியிட்டது. “நான் வெறும் பாக்குதான் போடுறேன்” என்பவருக்காக இதை நினைவில் வையுங்கள். கடைசியில், “வீட்ல கேட்டா என்னன்னு சொல்வீங்க?” என்று கேளுங்கள். நீங்கள் சொன்னதில் எது போய்ச் சேர்ந்தது என்று அப்போது தெரிந்துவிடும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பார்கள். சிரித்துவிடாதீர்கள். பல்லுக்கான நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு என்று ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள்.

குழந்தைகளுக்கு 1959-இல் ஆடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதிய முறையே இன்றும் கைகொடுக்கிறது: சொல், காட்டு, செய். வாய்க்கண்ணாடியை முதலில் பிள்ளையின் நகத்தில் வைத்துக் காட்டிவிட்டு வாய்க்குள் கொண்டுபோங்கள்.

நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, நோயாளி பேசும்போது எத்தனை முறை குறுக்கிட்டீர்கள் என்று குறிக்கச் சொல்லலாம். முதல் நாள் எண்ணிக்கை சங்கடமாகத்தான் இருக்கும்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது. “மதுரைக்கு வாங்க” என்பது நமக்கு ஒரு வரி. மன்னவனூர்க்காரருக்கு ஒரு நாள் கூலியும் மலை இறங்கும் பஸ் செலவும். வேர் சிகிச்சை என்றால் எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். எந்தக் கிழமை தோதுப்படும் என்று கேட்டு, சீட்டில் கிழமை, பிரிவு, போய்ப் பார்க்க வேண்டியவர் பெயர் மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.