மலை ஏறும்போது இன்ஜின் சூடானால்

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மே மாதத்தில், ஆள் நிறைந்த காரில் ஏ.சி.யும் ஓட, முதல் இரண்டு கியரிலேயே ஏறும்போது இன்ஜின் முழு மூச்சாக உழைக்கும். வண்டி ஊர்வதால் ரேடியேட்டரில் காற்றும் சரியாகப் படாது. கீழே ஊரில் தெரியாத கோளாறெல்லாம் அங்கேதான் தலைகாட்டும்.

செய்ய வேண்டியவை

• கிளம்பும் அன்று காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் அளவைப் பாருங்கள். ஊற்ற ஊற்றக் குறைந்தால் எங்கோ கசிகிறது. ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப் ஓரங்களில் காய்ந்த உப்புத்தடம் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

• ஏ.சி.யைப் போட்டு, ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். ஒரு ஃபியூஸ் போனாலே ஃபேன் நின்றுவிடும்.

• இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் மேலே ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுமைதான். ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு அவ்வழியே வெளியேறும். அப்படியும் முள் சிவப்பைத் தொட்டால், வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினை அணையுங்கள்.

செய்யக்கூடாதவை

• சூட்டோடு ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ திறக்கவே திறக்காதீர்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திருகிய நொடியில் அது பொங்கி முகத்தில் அடிக்கும். துணி சுற்றித் திறப்பதும் பாதுகாப்பில்லை. அரை மணி நேரமாவது போகட்டும்; மேல் ஹோஸ் தொட்டால் சுடாத பிறகு திறங்கள்.

• கொதிக்கும் இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

• போர் தண்ணீரை வழக்கமாக ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். வழியில் அவசரத்துக்கு ஊற்றினால், ஊர் திரும்பியதும் கழுவிவிட்டுக் கூலன்ட் நிரப்புங்கள்.

• தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். பழுதென்றால் புதிது போடுங்கள்.

• முள் சிவப்பில் இருக்க, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். ஹெட் கோணி, ஹெட் கேஸ்கெட் போய், கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் தெரிந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் செலவோடு பார்த்தால் அதன் வாடகை குறைவுதான்.