களிநிலமும் கடைக்காலும்

வீடு கட்டப் புகுவோர் மனையின் விலையையும் திசையையும் ஆராயுமளவிற்கு அதன் மண்ணை ஆராய்வதில்லை. மேஸ்திரியார் கடப்பாறையால் ஓரிடத்திற் குத்திப் பார்த்து, "நல்ல கெட்டி மண்" என்று சொல்லிவிட்டால் மனம் அமைகின்றனர். அக்கெட்டித்தன்மை எந்த மாதத்திற் கண்டது என்று வினவுவார் மிகச் சிலரே. அவ்வினாவையே ஈண்டு யாம் எடுத்துக்கொண்டோம்.

வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, திருச்சி நெடுஞ்சாலையின்மேல் அமைந்தது ஊரப்பாக்கம். ஒருபால் வண்டலூர்க் குன்றுகளின் பாறை. மற்றொருபால் ஏரியும், அதன் பாய்ச்சலில் வயலாயிருந்து இன்று மனைகளாகிவிட்ட நிலமும். அப்பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறையில் இட்ட கல் சென்னைப் பக்கத்துக் கல்லேயென்று கண்ட தாமஸ் ஹாலண்டு, 1893-இல் அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். நம் நாட்டுக் கல் பிற நாட்டார் பெயர் பெற்ற வரலாறு இது! நிற்க. இத்தகைய நிலத்தில் ஒரு மனையிற் சில அடி ஆழத்திலேயே பாறை தட்டுப்படலாம். அடுத்த தெருவில் ஏரி வண்டலும் களியும் ஆழ்ந்து கிடக்கலாம். ஆதலின் அண்டை வீட்டாரின் மண் சோதனைத் தாளை இரவல் வாங்கி வீடு கட்டுதல், பிறர் மருந்துச் சீட்டைக் கொண்டு மருந்துண்பதை ஒக்கும்.

களிமண்ணெல்லாம் ஒரு தன்மையவல்ல. மாண்ட்மோரில்லோனைட் என்னுங் கனிமம் மிக்க களி, தன் நுண்ணிய தகடுகளினிடையே நீரை ஏற்றுப் பருக்கும். நீர் வற்றின் சுருங்கி வெடிக்கும். திருநெல்வேலிக் கரிசல் நிலத்தைக் கோடையிற் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். சென்னையின் தென்பாலும் வேளச்சேரி, தரமணி, சிறுசேரி முதலிய இடங்களில் இவ்வகைக் களி உண்டு. ஊரப்பாக்கத்து மனையொன்றில் உண்டோ இல்லையோ என்பதைத் தோண்டிப் பார்த்தே துணிதல் வேண்டும்.

ஈண்டு வியப்பொன்று உளது. பாரத்தால் அமிழும் மண்ணில் பெருங் கட்டிடமே அஞ்சத்தக்கது. பருக்கும் மண்ணிலோ சிறு வீடே முதலில் இடருறும். பல மாடிகளின் பாரம் மண்ணின் எழுச்சியை அடக்கக்கூடும். ஓரடுக்கு வீட்டின் சுவருக்கு அவ்வலிமை இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு மூலை எழ, சன்னல் முனையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். வாழ்நாட் சேமிப்பையெல்லாம் வைத்து வீடு கட்டிய எளியோர் ஆண்டுதோறும் சிமெண்டுப் பூசி மறைப்பது பெரும்பாலும் இவ்வெடிப்பையே.

மண்ணின் உறுதியை அளக்கும் வழக்கமான முறையாவது: துளையிட்டு, 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்தினின்று விழவிட்டுக் குழாயை இறக்குவர். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கிடாது, அடுத்த 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி என்று எண்ணுவர். நன்முறையே, ஆயினும் வைகாசி வெயிலில் உலர்ந்திறுகிய களி மேற்பகுதியில் அடிகளை மிகுத்துக் காட்டும். அதே களி கார்த்திகையில் இளகி நிற்கும். கோடையில் எண்ணிய எண்ணை மட்டும் நம்பி ஆழமற்ற கடைக்கால் இடுதல் பொருந்தாது.

ஆகவே பருக்குந் தன்மையைத் தனியே சோதித்தல் வேண்டும். அதற்குரிய எளிய சோதனையை நம் மாணாக்கர் கல்லூரிச் சோதனைச் சாலையிலேயே செய்யலாம். உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையிற் சலித்த மண்ணில் பத்துப் பத்துக் கிராம் எடுத்து, ஒன்றை வாலைநீரிலும் மற்றொன்றை மண்ணெண்ணெயிலும் அளவுச் சாடிகளில் இட்டு 24 மணி நேரம் வைக்க. மண்ணெண்ணெயிற் களி பருக்காது. அதில் 12 மில்லிலிட்டரும் நீரில் 18 மில்லிலிட்டரும் நின்றால், மிகுதி நூற்றுக்கு 50 ஆகும். இந்தியத் தர விதிப்படி 50-ஐக் கடந்த மண் மிகக் கொடியது. 20-க்குட்பட்டது பெரும்பாலும் அச்சந்தராதது.

சோதனையிற் கொடிய களி எனத் தெரிந்தாலும் மனையைக் கைவிட வேண்டுவதில்லை. ஈரமும் உலர்வும் மாறிமாறி வரும் மேலடுக்கைக் கடந்து, மாறாத ஈரமுள்ள ஆழத்தில் வீட்டை ஊன்றினாற் போதும். இதற்கென ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களில் அண்டர்-ரீம்டு பைல் என்னுந் தூணை வகுத்தனர். அடியில் குடம்போற் பருத்த தூண் அது. குடத்தின் விட்டம் தண்டின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆழ்ந்த கரிசலில் நீளம் 3.5 மீட்டருக்குக் குறையாது இடுவர். மண் மேலே தள்ளினும் அக்குடம் நங்கூரம்போற் பிடித்து நிற்கும். தூண்களின்மேல் ஓடும் உத்திரத்திற்கும் மண்ணிற்குமிடையே வெற்றிடம் விடுதலும் இன்றியமையாதது. அதனை மண்ணிட்டு நிரப்பிவிடும் வேலையாட்களை யாம் ஓரிடத்திலன்று, பலவிடத்துங் கண்டுள்ளோம்.

முன்னரே கட்டிய வீட்டிற்குச் சுவரைச் சுற்றி நீர் புகாத் தளமிட்டு, மழைநீரை அப்பாற் செலுத்துக. கசியும் மலத்தொட்டியைச் செப்பனிடுக. வேம்போ அரசோ சுவரை ஒட்டி நின்றால், அது கோடையில் உறிஞ்சும் நீரையுங் கணக்கிற் கொள்க. ஆனால் முதிர்ந்த மரத்தைத் திடீரென வெட்டினால், அதுகாறும் அது உலர்த்தி வைத்த களி மீண்டும் நீரேற்றுப் பருக்கும்.