ஒளிப்படமும் ஓவியமும்

நஞ்சன்கூட்டுத் தேர்த்திருவிழாவை இன்று பலர் கைப்பேசியால் நொடிப்பொழுதில் படம் பிடிக்கின்றனர். விக்டோரியா அரசியார் காலத்தில் ஒளிப்படம் எடுப்பது அத்துணை எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, அது உலர்வதற்குள் படமெடுத்து முடித்தல் வேண்டும். அமர்ந்திருப்பவர் அசைதல் கூடாது. ஆயினும், தொழிலாக அன்றி விருப்பத்தால் இக்கலையைப் பயின்றோர் பலர். அவருள் ஒருவர் ஜூலியா மார்கரெட் கேமரன்.

கேமரன் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். பின்னாளில் இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்தார். 1863இல், தம் 48ஆம் அகவையில், மகளும் மருமகனும் பரிசளித்த கருவியைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். வீட்டுக் கோழிக்கூடு படக்கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று.

ஓவியர் ஜார்ஜ் பிரெடெரிக் வாட்ஸ் அவருக்கு நண்பர். கலையில் அறிவுரை கூறியவர். ஓவியரைப் போலவே கேமரனும் ஒளியையும் நிழலையும் கையாண்டார். பழைய இத்தாலிய ஓவியங்களில் காணும் தாயும் சேயுமாகிய தோற்றத்தைத் தம் பணிப்பெண்ணைக் கொண்டே அமைத்தார். உருவங்கள் மங்கலாக இருந்தமையால் ஒளிப்படக் கலைஞர் சிலர் அவர் படங்களைக் குறை கூறினர். வாட்ஸ் முதலிய ஓவியரோ பாராட்டினர். புறத்தோற்றத்துடன் அகத்தின் பெருமையையும் பதிக்க வேண்டும் என்பதே கேமரனின் நோக்கம்.

1875இல் அவர் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. 1877இல் மரியான் நார்த் என்னும் ஓவியர் அவருடைய களுத்துறை இல்லத்தில் தங்கினார். நார்த் செடிகொடிகளை வரைந்தார். கேமரன் நார்த்தைப் படமெடுத்தார். அங்கு வாழ்ந்த எளிய மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த கவிஞர் டென்னிசன், அறிஞர் டார்வின் ஆகியோரின் பெயர்களை உலகம் அறியும். இலங்கைப் படங்களில் உள்ள பலருடைய பெயர்கள் எழுதப்படவில்லை. முகம் நிலைத்தது, பெயர் நிலைக்கவில்லை. 1879இல் கேமரன் இலங்கையிலேயே காலமானார்.

அருஞ்சொற்பொருள்

அகவை – வயது
சேய் – குழந்தை
அகம் – உள்ளம்
இசைவு – சம்மதம்

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக: கேமரன் பிறந்த ஊர் ________.

2. எதிர்ச்சொல் எழுதுக: ஒளி, புறம், பாராட்டினர்.

3. கேமரனின் படங்களை ஒளிப்படக் கலைஞர் சிலர் குறை கூறியது ஏன்?

4. "முகம் நிலைத்தது, பெயர் நிலைக்கவில்லை" – இத்தொடரின் பொருளை விளக்குக.

5. கபிலை ஆற்றங்கரையிலோ உம் தெருவிலோ உழைக்கும் ஒருவரை, அவர் இசைவு பெற்றுப் படமெடுக்க. படத்தின் கீழ் அவர் பெயரையும் தொழிலையும் குறித்து, ஐந்து தொடர்கள் எழுதுக.