மழைக்குப் பின் ஜெட் ஸ்கி: செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள்

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி இன்னும் தொடங்கவில்லை. கொச்சியின் தேவரா, நெட்டூர், குண்டன்னூர் காயலோரங்களில் தார்ப்பாய்க்குள் கிடந்த ஜெட் ஸ்கிகளை வெளியே எடுக்கும் நேரம் இது. பழைய வண்டியை வாங்கியவர் ஆவலோடு பட்டனை அழுத்துகிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. எஞ்சின் ஜாம் என்று பக்கத்தில் நிற்பவர் தீர்ப்பே சொல்லிவிடுவார்.

அந்தத் தீர்ப்பை நம்ப வேண்டாம். இரண்டாம் முறை பட்டனை அழுத்தவும் வேண்டாம்.

முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். பச்சை பூத்த டெர்மினலும் இதே ‘டக்’கைத்தான் தரும். பேட்டரி சரியென்றால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு ஸ்பார்க் பிளக்குகளை எடுங்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. செல்ஃபை வற்புறுத்தினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக் இல்லாத நிலையில் கையால் சுழற்றும்போது எஞ்சின் தாராளமாகச் சுற்றினால் பிழைத்தது. தண்ணீரை வெளியேற்ற, பிளக் வயர்களை எர்த் செய்து, நெகட்டிவ் வயரை மீண்டும் மாட்டிய பிறகே செல்ஃப் கொடுங்கள். சிதறும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

கையாலும் சுற்றவில்லையா? தேவராவில் அடுத்த சந்தேகம் ஜெட் பம்ப் மீது விழ வேண்டும். மழைக்காலத்தில் குட்டநாட்டுப் பக்கமிருந்து வேம்பநாட்டுக் காயல் வழியே ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வரும். கடல் உப்பு ஏறிய பிறகே அது அழுகும். அதன் வேரும், கூடவே வரும் நைலான் வலையும் கயிறும் டிரைவ் ஷாஃப்ட்டைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். பம்பைக் கழற்றிய பின் எஞ்சின் சுற்றினால் குற்றவாளி பம்ப்தான். அதே குப்பைக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. யமஹா, கவாசாகி வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் பம்பிலிருந்தே வருகிறது. பம்பின் வாய் அடைத்தால் நீர் குறையும், பிஸ்டன் சூட்டில் விரியும், சிலிண்டர் போரைக் கீறிப் பிடித்துக்கொள்ளும். இப்படிச் சீஸ் ஆன எஞ்சினை ஆயில் ஊற்றி மீட்க முடியாது. பிரித்தே ஆக வேண்டும்.

துருவால் இறுகியதென்றால் பொறுமை உதவும். துருநீக்கி ஆயிலையோ, அசிட்டோனும் ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியர்) ஆயிலும் சமமாகக் கலந்ததையோ சிலிண்டர்களில் ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் நட்டில் நீளக் கைப்பிடி மாட்டி முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். சுத்தியல் வேண்டவே வேண்டாம். அசைந்ததும் கம்ப்ரஷன் பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங்கோ போரோ கெட்டிருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் பேரிங்கின் துரு மேலிருந்து தெரியாது. எஞ்சின் ஓடுகிறதே என்ற சந்தோஷத்தில் நடுக்காயலுக்குப் போனால் அங்கே கைவிடும்.

கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் டிராலிங் தடை. விசைப்படகுக்காரர்கள் அந்த நாட்களில் எஞ்சினைப் பழுது பார்த்து வைப்பார்கள். ஜெட் ஸ்கியோ அதே மழையில் உள்ளே உப்போடு கிடக்கும். உப்பைக் கழுவும்போதுகூட வரிசை தவறினால் ஆபத்து. எஞ்சினை ஓடவிட்ட பிறகே ஹோஸ் தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது தண்ணீரை முதலில் மூட வேண்டும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியே நீர் சிலிண்டருக்குள் ஏறும். நல்ல எஞ்சின்கள் வீட்டு வாசலிலேயே இப்படிக் கெடுவது வேதனை.

வாங்குவோர் பதிவுச் சான்றையும் கேட்டுப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு கட்டாயம். பழைய கலத்தின் பூர்வீகத்தைக் கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது நேரம் ஓட்டி, மீண்டும் மாற்றுங்கள். நிறம் தெளியும்வரை கரையை ஒட்டியே ஓட்டுங்கள்.